மலைச் சபையில் எல்லோருக்கும் இடம்: புதிதாகக் கமிட்டிக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சபை கமிட்டித் தேர்தல் முடிந்து முதல் கூட்டம் கூடும். யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆட்கள் குறைஞ்சுகிட்டே வருது, எல்லாரையும் சேர்த்துக்கணும்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடம் பேச்சு கேட்டுக்கு அடிக்கும் பெயின்டுக்குப் போய்விடும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரியில் எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்றால் திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இந்த வருடம் முதன்முறையாகக் கமிட்டிக்கு வந்தவர்களுக்காக அதை எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, பழக்கத்தை வைத்து எழுதுகிறேன். கத்தோலிக்கப் பங்கிலோ பெந்தெகொஸ்தே சபையிலோ பொறுப்புகளின் பெயர் மாறும், வேலை பெரிதாக மாறாது.

யார் வரவில்லை என்று முதலில் பாருங்கள்

நம் சபைகள் ஒரே கூட்டமாக உருவானவை அல்ல. ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் 1831இல் திறக்கப்பட்டபோது அது வெள்ளைக்காரர்களுக்கான கோயில். 1846இல் பாசல் மிஷன்காரர்கள் கேத்தியில் தங்கி, படுகர் கிராமங்களான ஹட்டிகளில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். தோட்ட வேலைக்குக் கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்த தமிழ்க் குடும்பங்கள் வேறு. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில், அதாவது டான்டீயில், குடியேறியவர்கள் வேறு. அருவங்காடு கார்டைட் பேக்டரிக்காரர்கள், வெல்லிங்டன் ராணுவக் குடும்பங்கள், கூடலூர்ப் பக்கத்து மலையாளிகள், பழங்குடிக் குடும்பங்கள் என்று பட்டியல் நீளும். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வருகிறார்கள். அவர்களில் ஊரிலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களும் உண்டு. பக்கத்து லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் அவர்களுக்கு நம் கோயில் மணி கேட்கும். உள்ளே வரலாமா என்பதுதான் தெரியாது.

ஒரு பெரிய தாளை எடுங்கள். நடுவில் கோயிலைப் போட்டு, நடந்தோ ஒரே பஸ்ஸிலோ வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் லைன், ஹட்டி, காலனி, குவார்ட்டர்ஸ், ஹாஸ்டல், முதியோர் இல்லம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் யார் வருகிறார்கள் என்று, கோயிலைத் திறந்து பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேளுங்கள். ஆயரைவிட, அதாவது சபைப் போதகரைவிட, அவருக்குத்தான் அதிகம் தெரியும். யாருமே வராத இடங்கள் தாளில் பளிச்சென்று தெரியும்.

அந்த இடங்களுக்குப் போகும்போது நோட்டீஸ் எடுத்துப் போக வேண்டாம். அங்கே பழக்கமுள்ள ஒருவரை முன்னே விட்டு, போய் உட்கார்ந்து டீ குடித்து, மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நேரம் உங்களுக்கு ஓய்வு? கடைசியாக எங்கள் கோயிலுக்கு வந்தபோது என்ன நடந்தது? திரும்ப வர எது தடை? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எதிர்வாதம் பண்ணாதீர்கள். "அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரே" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பஸ், பனி, காட்டெருமை

ஆராதனை நேரம் பல கோயில்களில் யாரோ ஒரு துரை காலத்தில் வைத்தது. அதற்கும் இன்றைய பஸ் நேரத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ஆராதனை எட்டு மணிக்கு, எஸ்டேட் பக்கத்து மினி பஸ் வருவது எட்டே காலுக்கு என்றால் அந்த ஊர்க்காரர்கள் எப்போதும் பாதிப் பாட்டில்தான் நுழைவார்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார்கள். நேரத்தை அரைமணி தள்ளி வைத்தால் தீரும் பிரச்சினை இது. ஆனால் கமிட்டியில் இதற்குத்தான் பெரிய சண்டை வரும், தயாராக இருங்கள். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் சில தோட்டங்களில் ஞாயிறும் வேலை இருக்கும். அந்த மாதங்களில் மட்டும் லைனிலேயே சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன ஆராதனை வைக்கலாம்.

வீட்டு ஜெபக் கூட்டத்தை இருட்டுவதற்கு முன் முடித்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் தேயிலைக் காட்டு வழியே காட்டெருமையும் கரடியும் நடமாடும் ஊரில், கார் வைத்திருப்பவர்கள் மட்டுமே வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "ஆவிக்குரிய தாகம் குறைஞ்சுபோச்சு" என்று பிரசங்கம் பண்ணுவதில் நியாயம் இல்லை. கார், ஜீப் உள்ளவர்களிடம் மாதம் ஒரு ஞாயிறு ஒரு லைனுக்குப் போய்வரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் அவ்வளவுதான்.

படிக்கட்டும் பாசியும்

மலைக் கோயில்கள் பாதி மேட்டில்தான் நிற்கின்றன. குதிரையிலும் வண்டியிலும் வந்து இறங்குகிறவர்களுக்காகத் தேர்ந்தெடுத்த இடங்கள். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு அவை ஆகாது.

முதலில் செலவில்லாத வேலை. மழைக்காலத்தில் கல் படிகளில் பாசி பிடிக்கும். கூடலூர்ப் பக்கம் ஜூனிலேயே தொடங்கிவிடும், குன்னூர் கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகையில் அதிகம். சனிக்கிழமை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவதை வாலிபர் சங்கத்திடம் ஒப்படையுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால், வாதத்தில் அந்தக் கை விழுந்தவர் இறங்கும்போது எதைப் பிடிப்பார்?

அப்புறம் சாய்தளம். நம் ஊரில் சாய்தளம் என்ற பெயரில் கட்டுவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற சரிவு. கணக்கு எளிது: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலத்தில் மூன்று படி இருந்தால் உயரம் ஒன்றரை அடி, சாய்தளம் பதினெட்டு அடி நீளம் வேண்டும். அகலம் குறைந்தது நாலு அடி. மேலேயும் கீழேயும் சக்கர நாற்காலி திரும்ப ஐந்து அடிக்கு ஐந்து அடி சமதளம். மேல்பூச்சு சொரசொரப்பாக இருக்கட்டும். வழவழ டைல்ஸ் ஒட்டினால் முதல் மழையிலேயே யாராவது விழுவார்கள். அவ்வளவு நீளத்துக்கு முன்னால் இடம் இல்லை என்றால் பக்கவாட்டுக் கதவைப் பாருங்கள், பழைய கோயில்களில் ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைப் பக்கம் தரை உயரம் குறைவாக இருக்கும். ஆனால் அந்தக் கதவும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும். "கூப்பிட்டா வந்து திறப்போம்" என்பது வாசல் ஆகாது.

உள்ளே, நடுவரிசைப் பெஞ்சு ஒன்றை மூன்றடி குறைத்து வெட்டுங்கள். சக்கர நாற்காலி குடும்பத்தோடு நிற்கட்டும். கடைசியில் தூணுக்குப் பின்னால் ஓரங்கட்ட வேண்டாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது, அதில் சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் ஒரு பகுதிதான். ஆட்டிசம் இருக்கிறது, காது கேளாமை இருக்கிறது, சிக்கிள்செல் என்கிற அரிவாள் செல் சோகையும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது நம் மாவட்டத்துக்கு ரொம்ப முக்கியம், கூடலூர், பந்தலூர்ப் பழங்குடிக் குடும்பங்களில் அது அதிகம். அந்த நோய் உள்ளவர்களுக்குக் குளிர் பட்டால் உடம்பு முழுக்க வலி எடுக்கும். டிசம்பர் ஜனவரி உறைபனி மாதங்களில் இரண்டு கதவையும் அகலத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. காற்றடிக்கிற பக்கத்துக் கதவைச் சாத்துங்கள், பெஞ்சில் பழைய கம்பளி விரியுங்கள், பிளாஸ்கில் வெந்நீர் வையுங்கள்.

பாட்டு, ஆராதனை முறைமையைப் பெரிய எழுத்தில் நாலைந்து பிரதி அச்சடித்து வாசலில் வையுங்கள். கழிப்பறையில் ஒன்றாவது வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருக்கட்டும், பக்கத்தில் பிடித்து எழக் கம்பி போடுங்கள், பூட்டாதீர்கள். ஸ்பீக்கரைக் கூரை அதிர வைக்கிற சபைகளுக்கு ஒரு வார்த்தை: காது மந்தமானவருக்கு அந்தச் சத்தம் உதவாது, இரைச்சலாகத்தான் கேட்கும். பேசுகிறவர் மைக்கைக் கிட்டத்தில் பிடித்து நிதானமாகப் பேசினால் போதும்.

வாசலில் நிற்பவர் என்ன பேசலாம்

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், சேதம் அதிகம் நடப்பது இங்கேதான்.

புதிதாக ஒருவர் வருகிறார். வாசலில் நிற்கும் பெரியவர் சிரித்த முகத்தோடு கேட்கிறார்: "வாங்க, எந்த ஊர்?" கோத்தகிரி என்கிறார் வந்தவர். "அது சரி, சொந்த ஊர்?" திருநெல்வேலிப் பக்கம். "அங்க எந்தப் பக்கம்? எந்தச் சபை? அப்பா பேரு?" கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலாவது கேள்வியில் அது எங்கே போய் முடிகிறது என்று வந்தவருக்குத் தெரிந்துவிடும். சாதியை நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கண்டுபிடிப்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். ஆகவே வாசலில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: பெயரைக் கேட்கலாம், ஊரையும் குடும்பத்தையும் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "வாங்க, என் பேர் இது. உங்க பேர்? பாட்டுப் புத்தகம் இந்தாங்க, எங்க வேணும்னாலும் உட்காரலாம்." இது போதும்.

"எங்க வேணும்னாலும்" என்பது உண்மையாகவும் இருக்க வேண்டும். முன்வரிசையில் மேனேஜர் குடும்பம், அப்புறம் ஆபீஸ்காரர்கள், பின்னால் கொழுந்து பறிப்பவர்கள் என்று யாரும் எழுதி வைக்காத வரிசை பல எஸ்டேட் சபைகளில் இன்னும் இருக்கிறது. அதை அறிவிப்பு போட்டு மாற்ற முடியாது. கமிட்டி உறுப்பினர்கள் தங்கள் குடும்பத்தோடு போய்ப் பின்பெஞ்சில் உட்கார ஆரம்பித்தால் மூன்று மாதத்தில் வரிசை கலைந்துவிடும்.

இன்னொன்று மரியாதை. வாரத்தில் ஆறு நாள் தேயிலைக் காட்டில் "வா, போ" என்று அழைக்கப்படும் அம்மாவை ஞாயிற்றுக்கிழமையும் நாம் அதே மாதிரி அழைக்கிறோம், நம் மகன் வயதுள்ள பையன்கூட அழைக்கிறான். சபையில் எல்லோருக்கும் "வாங்க, போங்க"தான் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். அந்த அம்மாவின் முகத்தை ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். "வடக்கத்தியான்", "சிலோன்காரன்" என்பதும் போகட்டும். பெயர் இருக்கிறதல்லவா?

ஆராதனை முடிந்ததும் புதியவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டுவது சில இடங்களில் வழக்கம். கூச்சமுள்ளவர் அடுத்த வாரம் வராமல் இருக்க அதுவே போதும். பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசி, டீக்குக் கூட்டிப் போவது நல்லது.

பாட்டும் பாஷையும்

தமிழில் ஆராதனை நடக்கட்டும், அதில் தயக்கம் வேண்டாம். வேதபாடம் இரண்டு வாசிப்பதில் ஒன்றை மாதம் ஒருமுறை மலையாளத்திலோ இந்தியிலோ வாசிக்கலாம், அந்தப் பாஷைக்காரரே வாசிக்கட்டும். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் பாஷையில் ஒரே நேரத்தில் சொல்லச் செய்யுங்கள். செலவும் இல்லை, ஒத்திகையும் வேண்டாம். ஜார்க்கண்ட் குடும்பங்கள் வந்தால் அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கி, எல்லோரும் கற்றுக்கொண்டு பாடுங்கள். படுகுப் பாட்டுக்கும் அதேதான்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் விழாவுக்குப் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தோடர் சால்வை போர்த்தி மேடையில் ஆடவிட்டு, விருந்தினர்கள் போட்டோ எடுத்ததும் பொட்டலம் கொடுத்து அனுப்புவது. அந்தப் பிள்ளைகள் கொயரில் பாடட்டும், சங்கீதம் வாசிக்கட்டும், காணிக்கைப் பை ஏந்தட்டும்.

சாப்பாடும் பணமும்

அறுப்பின் பண்டிகை விருந்தில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று கவனியுங்கள். மூன்றும் எப்போதும் ஒரே ஆட்களாக இருந்தால் பட்டியல் போட்டு மாற்றுங்கள். கமிட்டித் தலைவர் பாத்திரம் கழுவுகிற பட்டியலில் முதலில் வரட்டும். எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே தட்டு. பேப்பர் கப், பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், மாவட்டத்தில் தடை இருப்பது உங்களுக்கே தெரியும். எவர்சில்வர் டம்ளர் ஒரு தடவை வாங்கினால் தீர்ந்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சாம்பார், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாயசத்துக்குப் பதில் ஒரு பழம். இது பெரிய வேலை இல்லை.

பணம்தான் சிக்கல். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயரோடு வாசிக்கும் வழக்கத்தை நிறுத்தப் பாருங்கள். தினக்கூலி வாங்குகிற அம்மா போட்ட ஐம்பது ரூபாயை மைக்கில் கேட்க அவரே விரும்ப மாட்டார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் பத்தாயிரத்துக்குப் போவது சிலருக்கு உற்சாகம். கையில் காசில்லாதவருக்கு அது அரைமணி நேர அவமானம். ஏலத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, சபையில் பாதிப் பேர் என்னை அடிக்க வருவார்கள். ஆராதனைக்கு வெளியே, மைதானத்தில் வையுங்கள், விருப்பமுள்ளவர் நிற்கட்டும்.

சந்தா பாக்கி இருந்தால் கல்யாணப் பதிவு இல்லை, கல்லறை இடம் இல்லை என்ற எழுதாத விதி உங்கள் சபையில் இருக்கிறதா என்று செயலரிடம் கேளுங்கள். இருந்தால் அதுதான் உங்கள் முதல் தீர்மானம். ஓட்டுரிமைக்குச் சந்தா வேண்டும் என்று திருமண்டல (மறைமாவட்ட) விதி சொன்னால், முடியாதவர்களுக்கு அதைக் கட்ட ஒரு சின்ன நிதி ஒதுக்குங்கள். யாருக்குக் கட்டினோம் என்பது பொருளாளருக்கும் ஆயருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இடையில் விடுபடுகிறவர்கள்

விதவைகள், கணவரைப் பிரிந்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தாண்டியவர்கள். இவர்கள் எல்லோரும் கோயிலில்தான் இருக்கிறார்கள், ஆனால் அறிவிப்பில் இருப்பதில்லை. தாலியை ஆசீர்வதிக்கத் தட்டு சுற்றிவரும்போது விதவைகள் கையை இழுத்துக்கொள்ளும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் உண்டு. தட்டு எல்லோரிடமும் போகும் என்று ஆயர் முன்கூட்டியே இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சங்கடம் வராது. சாதி மாறிக் கல்யாணம் பண்ணியவர்கள் உறவினர் கண்ணுக்குப் பயந்து வேறு ஊர்ச் சபைக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு ஜெபக் கூட்டம் வையுங்கள், கமிட்டி முழுவதும் போகட்டும். திருநங்கை ஒருவர் வந்தால் ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா என்று கோயில்பிள்ளை திணறக்கூடாது. அவர் எங்கே உட்கார விரும்புகிறாரோ அதுதான் அவர் இடம். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஜெப நேரத்தில் கத்தினால் தாயைப் பார்த்து முறைக்காமல் இருப்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். பக்க அறையில் ஸ்பீக்கர் ஒன்று வைத்தால் வேண்டும்போது அவர்கள் போய்வரலாம். போகச்சொல்லி அனுப்பும் அறையாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

மனைவி சபையில், கணவர் இந்து. இப்படி எத்தனையோ வீடுகள். அவர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே அழையுங்கள், மதம் மாற்றும் பேச்சை எடுக்காதீர்கள். திருவிருந்து யார் எடுக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சபைக்கும் ஒழுங்கு உண்டு, அதைக் கமிட்டி மாற்ற முடியாது. ஆனால் கைநீட்டிய பிறகு மறுப்பது கொடுமை. திருவிருந்துக்கு முன்பே, "எடுக்காதவர்கள் முன்னால் வந்து முழங்காலிட்டால் ஆயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார்" என்று தெளிவாக அறிவித்துவிடுங்கள்.

பிள்ளைகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஓய்வுநாள் பள்ளியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்க வேண்டும். யாரும் ஒரு பிள்ளையைத் தனியாக அழைத்துப் போகக் கூடாது, ஆயராக இருந்தாலும் சரி. தவறு நடந்ததாகத் தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசில் சொல்வது கட்டாயம். சபைக்குள் பேசித் தீர்ப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கமிட்டியும் கல்லறையும்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வருடத்தில் ஆகிவிடும். உங்கள் சபை உண்மையில் யாருடையது என்பது இரண்டு இடத்தில்தான் தெரியும்: சாவி யார் கையில், செத்தால் எங்கே புதைப்பார்கள்.

தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பா லலிதா பேராயரானார். ஆனால் நம் கமிட்டிகளில் பெண்கள் இன்னும் டீ ஊற்றுகிறார்கள். அடுத்த தேர்தலுக்கு இரண்டு கொழுந்து பறிக்கும் பெண்களை நிறுத்துங்கள். கூட்டத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வையுங்கள். எட்டு மணிக் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது. கணக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள்.

தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை கிடைப்பதில்லை. கிறிஸ்தவர் ஆகிவிட்டால் சாதி இல்லை என்ற கணக்கு. ஆனால் சபைக்குள் சாதி இருப்பதைக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. நம் மலையில் சுவர் தேவைப்படுவதில்லை, சரிவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பாதை ஓரம் சமதளத்தில் சில குடும்பப் பெயர்கள், கீழே தண்ணீர் இறங்கும் பக்கம் மற்றவர்கள்.

இதை மாற்ற, அடக்கங்களை வரிசையாக எழுதிவைக்க ஒரு நோட்டும் ஒரு தீர்மானமும் வேண்டும். இனிமேல் இடம் இறந்த தேதி வரிசைப்படி, குடும்பத்துக்கென்று ஒதுக்கீடு கிடையாது, ஏற்கெனவே பணம் கட்டி ரசீது வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. தீர்மானம் வரும்போது வெளிநடப்பு இருக்கும், திருமண்டல அலுவலகத்துக்குப் புகார்க் கடிதமும் போகும். ஆகவே கூட்ட அறிவிப்பிலேயே பொருளை எழுதுங்கள், கோரம், அதாவது கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இருப்பதைப் பதிவு செய்யுங்கள், ஆயரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். முதல் அடக்கம் அந்த வரிசைப்படி நடக்கும்வரை நோட்டு செயலரிடம் இருக்கட்டும். அப்புறம் ஒரு பிரதியைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், குழி எங்கே வெட்டுவது என்று அவரிடம்தான் எல்லோரும் கேட்பார்கள்.